சைலன்சர் பூட்டினாலும் வெடிச்சத்தம் கேட்கும்

திரில்லர் படங்களில் தொழில்நுட்பம் இப்போது நம்பும்படி வருகிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கிக் குழலின் முனையில் பூட்டும் சைலன்சர் விஷயத்தில் இதை ஏற்கவே முடியாது. 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் வெடிச்சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல். சைலன்சர் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமே காதை அடைக்கப் போதும். வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றில் சுட்டால் பக்கத்து வீட்டார் எழும்பிவிடுவார்கள். படத்திலோ மேல்மாடியில் கொலை, கீழே ஒருவருக்கும் தெரியாது. கொலையை இவ்வளவு சுத்தமான வேலையாகக் காட்டுவதுதான் எனக்குக் கோபம். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் (கொழும்புச் சூட்டில் விநாடிக்கு 350 மீற்றர் அளவு) அது காற்றைக் கிழிக்கும் ஒலியை எந்தச் சைலன்சரும் தடுக்காது. ரிவோல்வரில் பூட்டுவது இன்னும் மோசம்: தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியால் வாயு சத்தத்தோடு வெளியேறும். பழைய ரஷ்ய நாகான் ரிவோல்வர் விதிவிலக்கு. சுடும்போது அதன் உருளை முன்னே நகர்ந்து இடைவெளியை மூடிவிடும்.