பாத்ரூம்ல வழுக்கிட்டாராம்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று ஒரு போட்டோ. கையில் மாவுக்கட்டோடு ஒரு பையன், கீழே "பாத்ரூம்ல வழுக்கிட்டாராம்" என்று ஒரு வரி, நாலு சிரிப்பு எமோஜி. செயின் பறிப்பு கேஸில் போலீஸ் பிடித்த பையனாம். முதல் ஹார்ட்டின் விட்டது எங்க சித்தப்பா. தெருநாய்க்குத் தினம் பிஸ்கட் வாங்கிப் போடுகிற மனுஷன். போன் பண்ணிக் கேட்டேன். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்டா" என்றார்.

உதவுமா?

1974-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். ஆறு ஐரிஷ்காரர்களைப் போலீஸ் பிடித்து அடித்ததில் நாலு பேர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு பேருக்கும் ஆயுள். 1991-ல், 16 வருஷம் கழித்து, தீர்ப்பே தப்பு என்று விடுதலை. உண்மையில் குண்டு வைத்தவர்கள்? இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஊரே பயந்துகொண்டிருந்த ஆட்களுக்குத்தான் அந்த அடி உதவியது.

இப்படிப் பட்ட பிறகுதான் பிரிட்டிஷ் போலீஸ் 1990-களில் விசாரிக்கிற முறையையே மாற்றியது. முதலில் ஆதாரத்தைச் சேர். அப்புறம் ஆளை உட்காரவைத்து அவன் கதையைக் குறுக்கிடாமல் கேள். கடைசியில் அந்தக் கதை ஆதாரத்தோடு எங்கே இடிக்கிறதோ, அங்கே கேள்வி. எல்லாம் பதிவாகும். நார்வேயும் இந்த வழிக்கு வந்தது. 2021-ல் இதற்கென்று சர்வதேச நெறிகளே வந்தன. பெயர் மெண்டஸ் கோட்பாடுகள். ஹுவான் மெண்டஸ் அர்ஜென்டினா வக்கீல், தன் நாட்டுச் சிறையில் தானே சித்திரவதைப்பட்டவர், பிறகு அது பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தவர்.

நம் சட்டப்படி போலீஸிடம் கொடுக்கிற வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே. பிறகு ஏன் அடி? வாக்குமூலத்தில் சொன்னபடி போய்ப் பொருளை எடுத்தால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதனால்தான் "நகை எங்கடா?" என்ற கேள்வியோடு லத்தியும் வருகிறது. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம், நகை காணோம் என்ற புகாரில் விசாரிக்கக் கூட்டிப்போன கோயில் காவலாளி உயிரோடு திரும்பவில்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-லேயே கையெழுத்துப் போட்டது. ஏற்புறுதி, அதாவது அதற்குக் கட்டுப்படுகிறோம் என்ற உறுதி, மட்டும் இன்னும் செய்யவில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்தப் பையன்தான் செயினை அறுத்தான்னு கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்றார்.

தெரியல சித்தப்பா. போட்டோவில் அது இல்லை.