நாலு கோர் இருந்தால் நேரம் தவறாதா?

கொழும்பில் கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் இறுதியாண்டு புராஜெக்ட் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "அண்ணா, போர்டில நாலு கோர் இருக்கு, நேரப் பிரச்சினை வராது." கோர் என்றால் ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை ஓட்டும் செயலி. கோர் கூடினால் நேரம் தவறாது என்ற இந்த நம்பிக்கையைக் கம்பஸிலேயே கிள்ளி எறிய வேண்டும். பிரேக்கையோ மருந்து பம்பையோ இயக்கும் கணினிக்குச் சராசரி வேகம் போதாது. ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு முறையும் கெடுவுக்குள் முடிந்தாக வேண்டும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். இரண்டு கோர். சின்ன வேலைகள் இரண்டு: தலா 2 மில்லிசெக்கன் ஓடும், கெடு 10. பெரிய வேலை ஒன்று: 10 மில்லிசெக்கன் ஓடும், கெடு 11. கெடு முடிந்ததும் அதே வேலை மறுபடி வரும். எது முந்திய கெடுவோ அதை முதலில் ஓட்டும் ஈடிஎஃப் முறை. இரண்டு கோருக்கும் பொதுவாக ஒரே வரிசை. மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் சின்னவை ஆளுக்கொரு கோரைப் பிடித்துக்கொள்ளும். பெரியது 2 இல் தொடங்கி 12 இல்தான் முடியும். கெடு போயிற்று! மற்ற கோரோ 2 முதல் 10 வரை சும்மா கிடக்கிறது. ஓடுகிற வேலையைப் பிய்த்து இரண்டு கோரில் ஒரே நேரம் ஓட்ட வழியில்லை. ஓடும் நேரத்தைக் கெடுவால் வகுத்துக் கூட்டினால் (2/10 + 2/10 + 10/11) மொத்தச் சுமையே 1.31 கோர்தான்; இருப்பதோ இரண்டு. பெரியதுக்குத் தனிக் கோர் கொடுத்து, சின்னவை இரண்டையும் மற்றதில் போட்டால் எந்தக் கெடுவும் தவறாது.

இந்தச் சிக்கலை 1978 இலேயே தால், லியூ என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் 1973 இன் லியூ, லேலண்ட் கட்டுரையோடு நிற்கிறார்கள். ஒற்றைக் கோரில் ஈடிஎஃப் 100 வீதச் சுமை வரை தாங்கும் என்பது அதில் வருவது. கோர் கூடியதும் அந்த உறுதி போய்விடுகிறது.

அதனால் வேலைகளைக் கோர்வாரியாகப் பிரித்துக் கட்டுவதையே முதலில் படிப்பிக்க வேண்டும் என்பேன். அதுவும் லேசில்லை. எந்த வேலையை எங்கே போடுவது என்பதே என்பி-கடினக் கணக்கு, அதாவது வேலைகள் கூடக் கூடச் சரியான விடையை வேகமாகக் கண்டுபிடிக்க வழி எதுவும் தெரியாத கணக்கு. அப்புறம், கோர் தனி என்றாலும் நினைவகம் பொதுவானது. பக்கத்துக் கோர் நினைவகத்தை மொய்த்தால் நம் வேலையும் இழுபடும்.

லினக்ஸில் கெடு பார்த்து வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஷெட்யூலர் 2014 இலும், அவசர வேலை வந்தால் லினக்ஸ் தன் சொந்த வேலையையும் இடையில் நிறுத்தி வழிவிட வைக்கும் பிரீஎம்ப்ட்-ஆர்டி 2024 இல் 6.12 பதிப்போடும் சேர்ந்துவிட்டன. கருவிக்குக் குறைவில்லை. ஆகவே தம்பி தங்கைகளே, புராஜெக்ட் அறிக்கையில் சராசரியோடு நிற்காதீர்கள். மற்றக் கோர்கள் எல்லாம் முழுச் சுமையில் ஓடும்போது உங்கள் வேலை எடுத்த ஆகக் கூடிய நேரத்தையும் அளந்து போடுங்கள். வைவாவில் அதைக் கேளுங்கள் என்று விரிவுரையாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.