போன்ல புள்ளி, பேப்பர்ல மலை

எங்க சைக்கிள் குரூப்ல மறுபடியும் அதே சண்டை. மண் ரோடு, எஸ்டேட் தடம்னு ஓட்டப் போறப்ப போன் மேப் போதுமா, பேப்பர் மேப் வேணுமா, இல்ல கார்மின் மாதிரி ஹேண்டில்ல மாட்டற தனி ஜிபிஎஸ் கருவி ஒண்ணு வாங்கிடணுமான்னு. பேப்பர்க்காரங்க போன் பாக்கறவன் எல்லாம் வழி தெரியாத பச்சப்புள்ளன்னு பேசறாங்க, கேட்ஜெட் ஆளுங்க பேப்பரை மியூசியத்துக்கு அனுப்பச் சொல்றாங்க. ரெண்டு கட்சியும் எனக்கு ஒத்து வரல. வழியை முடிவு பண்ண பேப்பர், ஓட்டறப்ப போன், இதுதான் என் கட்சி.

முதல்ல ஒண்ணு. "மலைல டவர் கிடைக்காது, ஜிபிஎஸ் வேலை செய்யாது"ன்னு இன்னமும் சொல்றாங்க பாருங்க, அது தப்பு. ஜிபிஎஸ்ங்கறது சாட்டிலைட் அனுப்பற சிக்னலை வாங்கறது மட்டும்தான், போன் திருப்பி எதுவும் அனுப்பறதில்ல, டவர் இல்லன்னா முதல் தடவை இடத்தைப் பிடிக்க கொஞ்சம் லேட்டாகும் அவ்ளோதான். காணாமப் போறது நீங்க டவுன்லோட் பண்ணாம விட்ட மேப். அதனால வீட்லயே ஏரியாவை ஆஃப்லைன்ல எடுத்து வெச்சுட்டு, மேல போனதும் ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டா பேட்டரியும் மிச்சம், ஏன்னா டவரைத் தேடித் தேடியே போன் செத்துடும்.

ஆனா கூகுள் மேப்பை நம்பி இதுக்குப் போகாதீங்க. ஆஃப்லைன்ல அது கார் போற வழிதான் சொல்லும், நடக்கற வழி சைக்கிள் வழி எல்லாம் வராது. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் மாதிரி ஆப்ஸ் பரவால்ல, அதுக்கெல்லாம் அடியில இருக்கறது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அதாவது நம்மள மாதிரி ஆளுங்க இஷ்டப்பட்டு வரைஞ்சது. அங்கதான் சிக்கலும். ஸ்க்ரீன்ல ஒரு புள்ளிக்கோடு இருக்குன்னா யாரோ ஒருத்தர் நடந்து போயிருக்கலாம், இல்ல வீட்ல உக்காந்து சாட்டிலைட் படத்தைப் பாத்து வரைஞ்சிருக்கலாம், அதுல சைக்கிள் ஓடுமா ஓடாதாங்கறது தனிக் கதை. மலைத்தடம் எவ்ளோ கஷ்டம்னு 0ல இருந்து 6 வரைக்கும் குறிக்கறதுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இடம் இருக்கு, நம்ம நீலகிரிப் பக்கம் நான் பாத்த வரைக்கும் அதை யாரும் பெருசா நிரப்பல. ஓட்டறவங்க வீட்டுக்கு வந்து நிரப்பினா அடுத்தவனுக்கு உதவும், ஓட்டினதைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல போட்டோ போடறதுல இருக்கற ஆர்வத்துல கால்வாசி போதும்.

இப்ப பேப்பர். அரசாங்கத்தோட மேப் துறையான சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 ஸ்கேல் மேப் ஷீட் 2017ல இருந்து ஆன்லைன்ல இலவசமாவே கிடைக்குது, ரெஜிஸ்டர் பண்ணணும் அவ்ளோதான். ஒரு ஷீட் நம்ம ஊர் பக்கம் சுமாரா 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர் வரும். வண்டித்தடம் வேற கோடு, பொதிமாட்டுத்தடம் வேற கோடு, ஒத்தையடிப்பாதை வேற கோடு. ரோடு விஷயத்துல அதை நம்பாதீங்க, ஓரத்துல சர்வே பண்ண வருஷம் போட்டிருக்கும், அதைப் பாத்தாலே ஏன்னு புரியும். ஆனா மலை எங்கயும் போகல. ஒரே உயரத்துல இருக்கற இடங்களைச் சேர்க்கற கான்டூர் கோடு 20 மீட்டர் உயரத்துக்கு ஒண்ணு, மேப்ல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 500 மீட்டர், அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்ள தடம் அஞ்சு கோட்டைத் தாண்டுச்சுன்னா 100 மீட்டர் ஏத்தம், அதாவது 20 சதவீதம், சரளைக்கல்லுல அதை மிதிச்சு ஏறறவன் யாராவது இருந்தா கமென்ட்ல வாங்க, நான் இறங்கித் தள்ற கட்சி. ஓடை எங்க குறுக்கே வருது, தடம் எந்த முகட்டுல ஏறி எந்தப் பள்ளத்துல இறங்குது, பாதில முடியலன்னா எந்தப் பக்கம் இறங்கினா தார் ரோடு வரும், இதெல்லாம் ஒரே பார்வைல தெரியும். போன்லயும் கான்டூர் இருக்கு, ஆனா மொத்தமா பாக்கலாம்னு சின்னதாக்கினா தடம் மறைஞ்சுடும், தடம் தெரியணும்னு பெருசாக்கினா மலை மறைஞ்சுடும், சாவித்துவாரம் வழியா கல்யாண மண்டபத்தைப் பாக்கற மாதிரி. ரிசர்வ் ஃபாரஸ்ட் எல்லையும் ஷீட்ல பேரோட இருக்கும், அது ரொம்ப முக்கியம், ஏன்னா ஆப் காட்டுது நான் போனேன்னு ஃபாரஸ்ட் கார்டுகிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல, யானைகிட்ட அதைவிட பிரயோஜனம் இல்ல.

அப்ப ஓட்டறப்பவும் பேப்பரே ஆகாதான்னா, ஆகாது. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கு, ஒவ்வொரு பிரிவுலயும் நிறுத்தி விரிச்சு மடிச்சுன்னா பொழுது போயிடும். மவுன்டன் பைக் ஓரியன்டீரிங்னு ஒரு போட்டி, 2002ல இருந்து உலக சாம்பியன்ஷிப் நடக்குது, அதுல ஜிபிஎஸ் பாத்து வழி கண்டுபிடிக்கவே கூடாது, ஹேண்டில்ல சுத்தற பலகைல பேப்பர் மேப்தான். ஆனா அந்த மேப் பைக்குக்குன்னே வரையறது, எந்தத் தடத்துல வேகமா போலாம், எதுல மெதுவான்னு கோட்டுலயே பிரிச்சுக் காட்டும். நம்ம ஷீட்ல அது கிடையாது. பனி இறங்கி எஸ்டேட்டுக்குள்ள நாலு தடம் ஒரே மாதிரி தெரியறப்ப நாம நிக்கற இடத்தைச் சொல்ல ஒரு நீலப் புள்ளிதான் உதவும். மரத்தடியிலயும் இடுக்குப் பள்ளத்துலயும் அந்தப் புள்ளி கொஞ்சம் தள்ளி நிக்கும், பக்கத்து பக்கத்துல ரெண்டு தடம்னா கொஞ்ச தூரம் போய்ப் பாத்துக்கணும்.

கார்மின் வாங்கலாமான்னா, மழைல பட்டன் வேலை செய்யும், பேட்டரி நிக்கும், அது நிஜம். வாரா வாரம் போறவங்க, ராத்திரி தங்கிப் போறவங்க வாங்கலாம். மாசம் ஒருக்கா ஞாயித்துக்கிழமை போற ஆளுக்கு பாக்கெட்ல போன், பைல பவர்பேங்க் தாராளம்.

பேப்பர் எடுக்கறவங்க முழு ஷீட்டை எடுக்காம, போற ஏரியாவை மட்டும் கட் பண்ணி ஏ3ல கலர் பிரின்ட் எடுங்க, "ஃபிட் டு பேஜ்" போடாதீங்க, போட்டா ஸ்கேல் மாறி மேல சொன்ன சென்டிமீட்டர் கணக்கு எல்லாம் ஊத்திக்கும். கடைக்காரர் லேமினேட் பண்ணித் தரேன்னு சொல்வாரு, வேண்டாம்னுடுங்க, மடிக்க முடியாது. ஜிப் கவர் போதும்.