ஆர்ஜிபி நிறத்தை சிஎம்ஒய்கே ஆக்க ஒரு சூத்திரம் போதாது

திரை நிறத்தைக் குறிக்கும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களை 255-இலிருந்து கழித்து, மூன்றுக்கும் பொதுவான அளவைக் கறுப்பாக எடுத்துக்கொண்டால் அச்சுக்கான சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளின் சதவீதம்) மதிப்பு துல்லியமாகக் கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பிக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறவர்களுக்குத் தாளும் பணமும் வீணாகும்.

சிஎம்ஒய்கே எண்கள் நிறத்தைச் சொல்வதில்லை, தாளில் எவ்வளவு மை விழ வேண்டும் என்பதையே சொல்கின்றன. ஆகவே அதே எண்கள் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஒரு நிறமாகவும், மையை உறிஞ்சும் செய்தித்தாளில் வேறொரு நிறமாகவும் தெரியும். திரையின் தூய நீலத்தை (0, 0, 255) எடுத்துக்கொள்ளுங்கள்: சூத்திரம் சியான் 100, மெஜந்தா 100 என்கிறது, தாளில் வருவதோ கத்தரிப்பூ நிறம். திரைகளின் பொதுவான நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியிலிருந்து, அமெரிக்க ஸ்வாப் அச்சுத் தரத்துக்கான புரொஃபைலுக்கு (மையும் தாளும் சேர்ந்து தரும் நிறத்தை விவரிக்கும் கோப்பு) ஃபோட்டோஷாப்பில் மாற்றினால் ஏறத்தாழ 88, 77, 0, 0 வருகிறது. அதுவும் திரையின் நீலத்தை எட்டாது, ஏனெனில் அந்த மைகளால் அந்த நீலத்தை உருவாக்கவே முடியாது.

கறுப்பு எழுத்துக்கு மட்டும் சூத்திரம் தரும் 0, 0, 0, 100 பொருத்தமானதே. திரையின் கறுப்பை (0, 0, 0) அதே ஸ்வாப் புரொஃபைல் வழியே மாற்றினால் 75, 68, 67, 90 ஆகிவிடும். அப்போது நான்கு மைகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிந்து தெரியும்.

டிஜிட்டல் அச்சில், இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய புரொஃபைலை (ஐசிசி என்ற பொதுத் தரத்தில் அமைந்தது) அச்சகத்திடமே கேட்டு வாங்குங்கள். புரொஃபைல் பதித்த ஆர்ஜிபி கோப்பையே பல இன்க்ஜெட் இயந்திரங்களின் ரிப் மென்பொருள் (கோப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றுவது) ஏற்றுக்கொள்ளும். அங்கே முன்கூட்டி சிஎம்ஒய்கே ஆக மாற்றி அனுப்பினால், அச்சிட முடிந்த சில நிறங்களையும் இழக்க நேரிடலாம்.