கொலுசில் கட்டிய சீட்டு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வெள்ளிப் பட்டறையில் ஒவ்வொரு ஜோடிக் கொலுசிலும் நூலால் ஒரு சீட்டுக் கட்டியிருக்கும். எடை எண்ணில் இருக்கும். அடக்கவிலை எழுத்தில் இருக்கும். குலதெய்வத்தின் பெயரோடு தாத்தாவின் ஊர்ப்பெயரையும் சேர்த்து, எந்த எழுத்தும் இரண்டு முறை வராமல் அப்பா பத்து எழுத்துகளைப் பொறுக்கியிருந்தார். ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. வாங்க வருபவரின் கண்ணெதிரே அப்பா சீட்டைப் பார்த்து விலை பேசுவார். வந்தவருக்கு ஒன்றும் விளங்காது.

பன்னிரண்டு வயதில் அதை நான் உடைத்தேன். அடக்கவிலையை அப்பா ஐந்திலோ பூஜ்யத்திலோதான் முடிப்பார். எந்தச் சீட்டை எடுத்தாலும் கடைசியில் அதே இரண்டு எழுத்துகள். அவை பிடிபட்டதும் மற்றவை ஒரு வாரத்தில் விழுந்தன. அப்பா திட்டவில்லை. அன்றிரவே எல்லாச் சீட்டுகளையும் அவிழ்த்துப் புதிதாக எழுத உட்கார்ந்துவிட்டார். எது அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்து மறைமொழியை உடைக்கும் இந்த வழியை, 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி என்ற அறிஞர் எழுதி வைத்துவிட்டார் என்பது கல்லூரியில்தான் தெரிந்தது.

ஏற்காட்டில் மிளகும் காப்பியும் விற்கும் என் மாமா போன வாரம் கேட்டார்: "வாட்ஸ்அப் எப்படிப் பூட்டுகிறது என்பது ஊருக்கே தெரியும் என்கிறாயே மாப்பிள்ளை, பிறகு அதில் என்ன ரகசியம்?"

முறை தெரிந்தால் ரகசியம் போய்விடும் என்ற இந்த எண்ணத்தைத்தான் நாம் விட வேண்டும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி என்று இலக்கணத்தில் படித்தோம். வெளியாள் ஒருவன் கற்றுக்கொண்டால் அதன் காவல் போயிற்று. முறை எதிரியின் கைக்குப் போனாலும் கேடு வரக் கூடாது, பூட்டவும் திறக்கவும் பயன்படும் எண்ணான சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று 1883இல் கெர்க்காஃப்ஸ் என்ற மறைமொழி அறிஞர் எழுதினார். 2001இல் அமெரிக்கா தரமாக ஏற்ற, தகவலைப் பூட்டும் ஏஇஎஸ் முறையை யாரும் படிக்கலாம். ஆனால் அதன் மிகச் சிறிய சாவியை ஊகிக்கவே 39 இலக்க எண்ணளவு வாய்ப்புகளைத் துழாவ வேண்டும்.

சரி, அந்தச் சாவி எதிர்முனைக்கு எப்படிப் போகிறது? போகவே வேண்டாம் என்று 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இருவரும் ஆளுக்கோர் ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் ஊரறிய மாற்றிக்கொள்கிறார்கள். வந்த விடையோடு தன் எண்ணைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே சாவி கிடைக்கும். வெள்ளியில் செம்பைக் கலப்பது எளிது, பிரிப்பது பெரும்பாடு என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். இடையில் நின்று பார்ப்பவர் கையில் இருப்பது கலந்த உலோகம்தான்.

ஆனால் இடையில் நிற்பவர் என்னிடம் மாமாவாகவும் மாமாவிடம் நானாகவும் நடித்தால் இந்தக் கணக்கு மட்டும் காப்பாற்றாது. அதற்காகத்தான் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று இருக்கிறது. இருவர் கைபேசியிலும் அது ஒன்றாக இருந்தால் இடையில் யாரும் நடிக்கவில்லை என்று பொருள். பணமும் சரக்கும் பேசுகிற யாரோடும் ஒருமுறை நேரில் உட்கார்ந்து அதை ஒப்பிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஞாயிறன்று ஏற்காடு போனேன். மிளகு காயும் களத்தோரம் இரண்டு கைபேசிகளையும் அருகருகே வைத்து, ஐந்தைந்து இலக்கமாக மாமா படிக்க நான் சரிபார்த்தேன். பன்னிரண்டாவது ஐந்து இலக்கமும் பொருந்தியதும், "இனி விலையை இதிலேயே அனுப்பு" என்றார்.