ஹாலோவீன் பற்றிய ஒரு திருத்தம்

ஹாலோவீன் என்ற திகில் படத்தையும் அதன் இயக்குநரையும் பற்றி, "கொலையாளியின் கண் வழியே காட்டும் உத்தியை ஜான் கார்பென்டர்தான் கண்டுபிடித்தார், ஹாலோவீன் படத்தின் தொடக்கம் படத்தொகுப்பில் வெட்டே இல்லாமல் தொடர்ச்சியாக எடுத்த ஒரே ஷாட்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியல்ல.

மைக்கேல் பவல் 1960-இலேயே பீப்பிங் டாம் படத்தை அந்தப் பார்வைக் கோணத்தில்தான் தொடங்கினார். பாப் கிளார்க்கின் பிளாக் கிறிஸ்துமஸ் (1974) படத்தில் கேமராவை ஒளிப்பதிவுக் கலைஞரின் தோளில் பொருத்தி, அவரையே வீட்டுச் சுவரில் ஏறவைத்து எடுத்தார்கள். ஹாலோவீன் வந்தது 1978-இல். அதன் தொடக்கக் காட்சியிலும் படத்தொகுப்பு வெட்டு உண்டு. கொலையாளியான சிறுவன் முகமூடி போடும்போது திரை இருண்டு, இரண்டு கண் துளைகள் மட்டும் தெரிகின்றன அல்லவா, அங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது.

கார்பென்டரின் உண்மையான பங்கு வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பேசாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம். ஒளிப்பதிவாளர் உடலில் மாட்டிக்கொள்ளும் பானாகிளைடு என்ற கருவியால் கேமரா குலுங்காமல் மிதக்கிறது. அதனால் கொலையாளி அங்கே இல்லாத காட்சியிலும் யாரோ பார்ப்பதாகத் தோன்றும். அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு இருக்கும் அகலத் திரையில் நாயகியை ஓரத்தில் நிறுத்தி மீதியைக் காலியாக விடுகிறார். நம் கண் அந்த வெற்றிடத்தைத்தான் துழாவும். ஒரு சுற்றுக்கு ஐந்து அடிகள் வரும் 5/4 தாளத்தில் அவரே அமைத்த இசையோ காது எதிர்பார்க்கும் இடத்தில் முடிவதில்லை. ரத்தம் மிகக் குறைவு.

பின்னால் வந்தவர்கள் முகமூடியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டார்கள், அந்த வெற்றிடத்தை விட்டுவிட்டார்கள். 2014-இல் வந்த இட் ஃபாலோஸ் என்ற திகில் படம் விதிவிலக்கு: சட்டகத்தின் பின்புறத்தில் யாராவது நடந்து வருகிறார்களா என்று பாருங்கள்.