"சத்திரமில்லை" என்றது தீர்ப்பில்லை. தீர்ப்பை வாசியுங்கள்

"எங்கட ஊரும் சத்திரமில்லை" என்ற அந்தப் பதிவை யார் போட்டது, இந்திய அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த எந்தக் குடும்பத்தை நினைத்துப் போட்டது என்று இதை வாசிக்கிற அனைவருக்கும் தெரியும். பெயர் சொல்லி இன்னும் புண்ணாக்க நான் விரும்பவில்லை. காணிக் கூட்டத்தில் வாய்த்தர்க்கம் வந்தது, வரட்டும். காணி என்றால் கிளிநொச்சியில் எந்தக் கூட்டமும் அமைதியாக முடிந்ததில்லை. ஆனால் அந்தக் குடும்பத்து அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லாத ஒன்றை இரவு வீட்டுக்குப் போய் எழுதி, அதற்கு ஒரு நீதிமன்றத்தையும் சாட்சிக்கு இழுத்து வைத்திருக்கிறீர்கள். "இந்திய ஹைகோர்ட்டே தீர்ப்புச் சொல்லிப்போட்டுது, அகதியளுக்கு அங்க இடமில்லையாம், அதுதான் இப்ப இங்க ஓடி வருகினம்." அதற்குக் கீழே எத்தனை கைதட்டல், எத்தனை சிரிப்பு முகம். அதில் பாதிப் பேர் எனக்குப் படிப்பித்தவர்கள், என்னோடு படித்தவர்கள்.

அதைச் சொன்னது ஹைகோர்ட் இல்லை. டெல்லியில் உச்ச நீதிமன்றம், 2025 மே 19. அதுவும் தீர்ப்பில் எழுதியது இல்லை. ஒரு மனுவைத் தள்ளுபடி செய்கிறபோது நீதிபதி தீபங்கர் தத்தா வாயால் சொன்னது. ஏற்கெனவே 140 கோடிச் சனத்தோடு நாங்களே திண்டாடுகிறோம், உலகம் முழுதும் இருந்து வருகிற அகதிகளையெல்லாம் வைத்திருக்க இந்தியா தர்மசத்திரமில்லை என்ற கருத்தில் சொன்னார். வழக்கு நடக்கிறபோது நீதிபதி வாயால் சொல்லுவது வேறு, கடதாசியில் கையெழுத்து வைத்து எழுதுவது வேறு. முன்னையது பேச்சு. பின்னையதுதான் சட்டம். தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு ஊரை இரண்டாக்குகிறவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த வழக்கு என்ன வழக்கு என்றும் நீங்கள் சொல்லவில்லை. மனுப் போட்ட இலங்கைத் தமிழர் 2015 இல் பிடிபட்டு, 2018 இல் ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் கீழ் 10 வருடத் தண்டனை பெற்றவர். சென்னை உயர் நீதிமன்றம் 2022 இல் அதை 7 வருடமாகக் குறைத்தது, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னது. தண்டனை முடிந்த பிறகும் முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்கள், திரும்பினால் உயிருக்கு ஆபத்து, மனைவி பிள்ளைகள் இந்தியாவில் என்று அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வேறு நாட்டுக்குப் போங்கள் என்றார்கள். இது ஒரு குற்றவியல் வழக்கில் தண்டனை அனுபவித்த ஒருவருடைய கதை. அந்த ஒரு வழக்கின் வாய்ப்பேச்சை எடுத்து, முகாமில் பிறந்து முகாமில் வளர்ந்து முகாமிலேயே பேரப்பிள்ளை கண்ட சனத்தின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

ஹைகோர்ட் என்ன சொன்னது என்றுதானே கேட்கிறீர்கள், கேளுங்கள். இவையெல்லாம் வாய்ப்பேச்சில்லை, எழுத்தில் கிடக்கிறது.

2019 ஜூன் 17, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. முகாமில் இருந்த 65 பேர் குடியுரிமை கேட்டுப் போன வழக்கு. அந்த 65 பேரும் மலையகத் தமிழர், இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன சனத்தின் வழி வந்தவர்கள். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்தச் சனத்தை இவ்வளவு காலம் நாடற்றவர்களாகக் கண்காணிப்புக்குள் வைத்திருப்பது அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரைக்கு விரோதம் என்று எழுதினார். புதிதாக விண்ணப்பியுங்கள், மத்திய அரசு 16 கிழமைக்குள் முடிவு சொல்லட்டும் என்றார்.

2022 ஓகஸ்ட், அதே மதுரைக் கிளை. மண்டபம் முகாமில் 1986 இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க மாட்டோம் என்று அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1950 ஜனவரி 26 முதல், 1987 ஜூலை 1க்கு முன்னால் வரைக்கும் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்கிறது. தாய் தகப்பன் யார் என்று அது கேட்கவில்லை. நீதிமன்றம் அந்தப் பிரிவை எடுத்துக் காட்டிப் பாஸ்போர்ட் கொடு என்று உத்தரவு போட்டது. அந்தப் பெண் 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வரிசையில் நின்று வாக்குப் போட்டார். 2022 இல் இன்னொரு வழக்கில், 2019 இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லாவிட்டாலும் அதன் அடிப்படை இலங்கை இந்துத் தமிழருக்கும் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் எழுதியது. இதில் எது "அகதிக்கு இடமில்லை" என்கிறது?

உங்களுக்கு இது செய்தி. எனக்கு இது பெரியம்மா வீடு.

1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, நெடுங்கேணிப் பக்கம் டொலர் பாம் என்ற பண்ணையில் குடியிருந்தவர்கள் அவர்கள். 1984 இல் அங்கிருந்த சனத்தை இராணுவம் கலைத்தது. அடுத்த வருடம் மன்னாரால் படகேறி இராமேஸ்வரம் போனார்கள். பெரியம்மாவின் மகள், என் அக்கா, மண்டபத்தில் 1986 இல் பிறந்தா. பெரியம்மாவின் மகன், என் அண்ணன், 1988 இல் பிறந்தார். ஒரே முகாம், ஒரே தாய், ஒரே சோறு. இடையில் அந்த 1987 ஜூலை 1 வந்து விழுந்ததால் அக்கா பிறப்பால் இந்தியர், அண்ணன் இல்லை. இலங்கை இந்திய ஒப்பந்தம் வந்ததும் அதே மாதம்தான், 29ஆம் திகதி. அந்த மாதம் எங்கள் எல்லாருக்கும் எதையெதையோ வெட்டிப் போட்டது, பெரியம்மா வீட்டில் அக்காவையும் தம்பியையும் இரண்டு நாட்டுக்காரராக்கியது.

2022 தீர்ப்பு வந்தபோது அக்கா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினா. அவ பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான். "தம்பி, நான் பொறந்த நாள்லருந்தே இந்த நாட்டுக்காரியாம்ப்பா, கோர்ட்டே சொல்லிருச்சு." அண்ணன் அப்போது இங்கே, என் பக்கத்தில் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு மனைவி பிள்ளையோடு திரும்பி வந்தவர். குரலைக் கேட்டு முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை போட்டார்.

அண்ணன் திரும்பி வந்த நேரம் கடதாசிக்காக அலைந்த அலைச்சலில் நானும் கூடப் போயிருக்கிறேன். முகாமில் மழை ஒழுகுகிற வீட்டில் இருந்ததால் பெரியம்மா பிறப்புச் சான்றிதழை லமினேட் பண்ணி வைத்திருந்தா. லமினேட் பண்ணினதை ஏற்க ஏலாது என்று ஒரு அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். புதுப் பிரதி எடுப்பித்துக் கொண்டு போனால், தகப்பன் பெயரில் இந்தியச் சான்றிதழில் ஒரு எழுத்து, இங்கே பழைய குடும்ப அட்டையில் இன்னொரு எழுத்து. அந்த எழுத்துக்காக எத்தனை மாதம். வரிசையில் அவ்வளவு சனத்துக்கு முன்னால் அந்த அலுவலர், தமிழர்தான், "இந்தியாக்காரருக்கு இங்க என்ன அலுவல்?" என்று கேட்டார். அண்ணனின் மகன் பக்கத்தில் நின்றான். அவனுக்கு அப்போது கேள்வி விளங்குகிற வயது.

அதனால்தான் உங்கள் பதிவு எனக்குச் சுட்டது.

"நீ அங்க சொகுசா இருந்தவைக்கு வக்காலத்து வாங்கிறாய், நாங்கள் இங்க செத்துப் பிழைச்சனாங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் யுத்தத்தின் கடைசியில் மாத்தளனில் பங்கருக்குள் கிடந்தவன்தான் ஐயா. மெனிக் பாம் முகாமில் தண்ணி வாளிக்கு அடிபட்டவன்தான். இங்கே பட்டதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை, சொல்லவும் விட மாட்டேன். ஆனால் அங்கே சொகுசு என்கிறீர்களே, 2021 இல் ஸ்டாலின் அரசு கூட்டிக் கொடுத்த பிறகும் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சின்னப் பிள்ளைக்கு 500. அதற்கு முன்னால் அதைவிடக் குறைவு. பெயின்ட் அடிக்கிற வேலைக்கு வெளியூர் போனவர் செக்கிங் நாளில் முகாமில் நிற்காவிட்டால் பதிவு வெட்டுப்படும் என்று இரவோடிரவாக பஸ் பிடித்து வருவார். கியூ பிராஞ்ச், தமிழ்நாட்டு உளவுப் பொலிஸ், வந்து தலை எண்ணிப் போகும். அந்தக் கணக்கெடுப்புக்குள் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000 சனத்துக்கு மேல் 2021 இலும் இருந்தது. இதுவா சொகுசு? எங்கள் வேதனை பெரியது என்பதற்காக அவர்களுடையது இல்லாமல் போய்விடாது.

"நீதிபதி சுவாமிநாதனின் மற்றத் தீர்ப்புகளைப் பற்றி என்ன சொல்கிறாய்?" என்று தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். மதுரை திருப்பரங்குன்றம் மலையில் தீபம் ஏற்றும் விவகாரத்துக்குப் பிறகு 2025 டிசம்பரில் அவரைப் பதவி நீக்க வேண்டும் என்று எம்பிமார் நோட்டீஸ் கொடுத்தது எனக்கும் தெரியும். அது அவர்கள் ஊர் வழக்கு, அவர்களே பேசட்டும். நான் இந்தத் தீர்ப்புகளைப் பற்றி மட்டும் கதைக்கிறேன். இவற்றில் எங்கள் சனத்தின் பெயர் இருக்கிறது.

காணி விஷயத்தில் உங்களுக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் காடு வெட்டித் துப்புரவாக்கிக் கிணறு கட்டியவரை எழும்பு என்று யாரும் சொல்ல முடியாது. அதற்குப் பிரதேச செயலகம் இருக்கிறது, மத்தியஸ்த சபை இருக்கிறது, போமிற்றை, அந்தக் காணி அனுமதிப் பத்திரத்தை, எடுத்து வைத்துப் பேசுங்கள், நானும் உங்கள் பக்கம் வந்து இருக்கிறேன். ஆனால் "அங்கே இடமில்லை என்று கோர்ட் சொன்னது" என்பது உங்களுக்கு எப்படிச் சாதகமாகும்? அங்கே இடமில்லை என்றால் இங்கேதானே இடம் இருக்க வேண்டும்? அங்கேயும் சத்திரமில்லை, இங்கேயும் சத்திரமில்லை என்றால் அந்தச் சனம் பாக்கு நீரிணையில் மிதக்கவா? டெல்லியில் அந்த வார்த்தை சொல்லப்பட்ட அதே மே மாதக் கடைசியில்தான், தமிழ்நாட்டிலிருந்து முறைப்படி திரும்பி வந்த 75 வயது ஐயா ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனாராம். ஷெல்லுக்குப் பயந்து வள்ளத்தில் ஏறியவரிடம் கடவுச்சீட்டுக் கேட்டார்கள். அன்றைக்கு நீங்களும் கோபப்பட்டு எழுதினீர்கள். நான் அதற்கு விருப்பம் போட்டேன். அந்த ஐயாவுக்காகப் பட்ட கோபம் இந்த அக்காவிடம் வருகிறபோது எங்கே போனது?

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மனதுக்குள் வைத்துக் கொண்டு எழுத எனக்கு ஏலாது. பலாலியில் கைதானவர் உங்களுக்கு "எங்கட ஐயா". இந்த அக்கா உங்களுக்கு "தோட்டக்காட்டுப் பகுதி", மலையகச் சனத்தை இழிவாகச் சொல்லுகிற சொல். பதிவில் நீங்கள் அதை எழுதவில்லை, கீழே கருத்துப் போட்டவர் எழுதினார், நீங்கள் அதற்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 சனத்தைக் கணக்குப் போட்டு 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். எங்கள் தாத்தாமாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 77 இல் அடிபட்டு வந்தோம். மலையாளபுரத்திலும் பாரதிபுரத்திலும் காட்டை வெட்டிக் குடியிருந்த எங்கள் சனம் உங்கள் வயலில் களை பிடுங்கியது, உங்களோடு பதுங்கு குழி வெட்டியது, பிள்ளைகளைக் கொடுத்தது. முள்ளிவாய்க்காலில் விழுந்த ஷெல் யார் தோட்டம், யார் ஊர் என்று பார்த்து விழவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு காணிச் சண்டை வந்தால் உங்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான் என்றால், மதுரையில் எங்களை ஒருநாளும் காணாத ஒரு நீதிபதி எங்களைப் பற்றி எழுதிய பக்கங்கள் எனக்கு உங்கள் பதிவை விடப் பெரியவை.

உங்கள் பதிவுக்குக் கீழே நான் இதைச் சுருக்கமாகத்தான் எழுதினேன். அழித்துவிட்டீர்கள். அதனால்தான் இங்கே நீளமாக எழுத வேண்டி வந்தது. அடுத்த காணிக் கூட்டத்துக்கு 2019 தீர்ப்பையும் 2022 தீர்ப்பையும் பிரதி எடுத்துக் கொண்டு வருவேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, விளங்காத இடத்தைத் தமிழில் வாசித்துச் சொல்ல நான் நிற்பேன். அந்த அக்காவும் வருவா. அவ முகத்துக்கு நேரே இருந்து கதையுங்கள்.